சொந்த ஊரில் காணாத வீரர்கள்

அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்று முடிந்ததும் வெளியாகும் புள்ளிவிவரத் தாளில் ஏறக்குறைய எல்லாமே இருக்கும். பந்தை எறிந்தவர் எத்தனை முறை எறிந்தார், பிடித்தவர் எத்தனை கெஜம் முன்னேறினார், உதைத்தவர் எத்தனை முறை தவறவிட்டார் என அனைத்துக்கும் கணக்கு உண்டு. ஆனால், அந்த எறிபவருக்கும் ஓடுபவருக்கும் முன்னால் நின்று, பாய்ந்துவரும் எதிரணியினரைத் தம் உடலால் தடுத்த ஐந்து பேரைப் பற்றி அதில் அநேகமாக ஒன்றும் இராது. நடுவில் ஒரு சென்டர், அவருக்கு இருபுறமும் இரண்டு கார்டுகள், ஓரங்களில் இரண்டு டாக்கிள்கள். இந்த ஐவரையும் சேர்த்துத் தாக்குதல் வரிசை என்கிறார்கள். அவர்கள் தவறிழைத்தால் மட்டுமே அரங்கம் அவர்களைக் கவனிக்கும்.

ஆட்டத்தை அறிந்தவர்களுக்கோ வெற்றி தோல்வி பெரும்பாலும் இந்த வரிசையிலேயே முடிவாகிறது என்பது தெரியும். எனவே, அமெரிக்கப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்களுக்கு ஆண்டுதோறும் மிகக் கடினமான வேலை, இந்த வரிசைக்கு ஆள் தேடுவதுதான். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் 17 வயது இளைஞர்களைத் தேடிக் கண்டுபிடித்து, கல்விக் கட்டணம், உணவு, உறைவிடம் அடங்கிய உதவித்தொகை அளித்துத் தம் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துவர வேண்டும். வேகமாக ஓடும் இளைஞனை யார் வேண்டுமானாலும் அடையாளம் காணலாம். எண்ணிக்கையில் அகப்படாத வேலையைச் செய்பவனை அடையாளம் காண்பதற்குத் தனிக் கண் வேண்டும்.

அத்தகைய கண் படைத்தவர் என்று இருபதாம் நூற்றாண்டில் போற்றப்பட்டவர் பால் வில்லியம் பிரையன்ட். அமெரிக்கர்களுக்கு அவர் 'கரடி' பிரையன்ட். 38 ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளராக இருந்து 323 ஆட்டங்களில் வென்றவர். அலபாமா பல்கலைக்கழகத்துக்கு ஆறு தேசியச் சாம்பியன் பட்டங்களைப் பெற்றுத் தந்தவர். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அலபாமா மாநிலத்தில் அவர் பெயர் ஒரு குலதெய்வத்தின் பெயரைப்போல உச்சரிக்கப்படுகிறது. அந்தக் கண் எதையெல்லாம் கண்டது என்பது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. நெடுங்காலம் அது எதைக் காணாதிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவர் வாழ்க்கை முழுமையாக விளங்குகிறது.

பிரையன்ட் 1913 செப்டம்பர் 11 அன்று ஆர்கன்சா மாநிலத்தில் மோரோ பாட்டம் என்ற சிற்றூரில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பன்னிரண்டு குழந்தைகளில் பதினோராவது பிள்ளை. தந்தை நோயாளி, குடும்பத்தைத் தாங்கியவர் தாய். கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் காய்கறிகளை ஏற்றிக்கொண்டு அருகிலுள்ள ஃபோர்டைஸ் நகரத்துக்குச் சென்று விற்றுவரும் தாய்க்குச் சிறுவன் துணையாகப் போவான். அந்த வண்டியைப் பார்த்து நகரத்துப் பிள்ளைகள் செய்த கேலி அவர் நெஞ்சில் ஆறாமல் இருந்தது. மீண்டும் அந்த வண்டிக்கே திரும்பிவிடுவோமோ என்ற அச்சம்தான் வாழ்நாள் முழுவதும் தம்மை ஓட்டியது என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

பட்டப்பெயர் வந்த கதையும் வறுமையின் கதைதான். பதின்மூன்று வயதில், ஊருக்கு வந்த வித்தைக்காரர் ஒருவரின் கரடியுடன் மல்லுக்கட்டினால் நிமிடத்துக்கு ஒரு டாலர் கிடைக்கும் என்று கேட்டு மேடை ஏறினார். கரடியின் வாய்ப்பூட்டு கழன்றுகொண்டது. காதில் காயம்பட்டதுதான் மிச்சம். பேசிய பணத்தைத் தராமலே வித்தைக்காரர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று பிரையன்ட் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃபோர்டைஸ் பள்ளி அணி 1930-இல் மாநிலச் சாம்பியன் ஆனது. அந்த அணியில் அவர் ஆடியதே வரிசையில்தான். 1931-இல் அலபாமா பல்கலைக்கழகத்தின் துணைப் பயிற்சியாளர் ஹேங்க் கிரிஸ்ப் ஃபோர்டைஸுக்கு வந்தார். சிறுவயது விபத்தில் ஒரு கையை இழந்த அந்த மனிதர், உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக்கூட முடித்திராத இந்த நெடிய இளைஞனைத் தம்முடன் அழைத்துச் சென்றார். டஸ்கலூசா நகரில் உள்ள பள்ளி ஒன்றில் விட்ட படிப்பைத் தொடர்ந்தபடியே பல்கலைக்கழக அணியுடன் பிரையன்ட் பயிற்சி பெற்றார். அதே ஆண்டில் தந்தை இறந்தார். ஊருக்கே திரும்பிவிடலாமா என்று தடுமாறியபோது உறவினர் ஒருவரிடமிருந்து தந்தி வந்தது. ஊரார் எதிர்பார்த்தபடியே விட்டுவிட்டு வந்துவிடு என்ற பொருளில் அமைந்த அந்தக் குத்தல் அவரை அங்கேயே நிறுத்தியது. யாரோ ஒருவர் தேடிவந்து கைதூக்கிவிட்டதால் வண்டியிலிருந்து இறங்க முடிந்த மனிதர் அவர். இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பல்கலைக்கழக அணியில் அவர் நட்சத்திரம் அல்லர். ஒரு முனையில், பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தின் மேதையாகப் புகழ்பெற்ற டான் ஹட்சன் ஆடினார். மறுமுனையில் ஆடிய பிரையன்ட் தம்மை அந்த இன்னொரு ஆள் என்றே அழைத்துக்கொண்டார். 1935 புத்தாண்டு நாளில் ரோஸ் பௌல் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டை 29-13 என்று வென்ற அணியில் இருந்தார். அதே ஆண்டு டென்னசிக்கு எதிராகக் கால் எலும்பு முறிந்த நிலையிலும் ஆடினார். பிறரின் புகழுக்குப் பின்னால் உழைக்கும் ஆட்டக்காரனின் மதிப்பு அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

துணைப் பயிற்சியாளர் பணி, போர்க்காலக் கடற்படைச் சேவை ஆகியவற்றுக்குப் பிறகு 1945-இல் மேரிலாந்தில் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அடுத்த ஆண்டே கென்டக்கிக்குச் சென்றார். போர் முடிந்து திரும்பிய படைவீரர்கள் அரசின் கல்வி உதவியுடன் பல்கலைக்கழகங்களை நிறைத்த காலம் அது. கூட்டம் கூட்டமாக வந்த இளைஞர்களைக் கடும் பயிற்சியில் புடைத்து, தாங்கி நின்றவர்களைக் கொண்டு அணி அமைப்பது அவர் வழக்கமாயிற்று. கென்டக்கியின் டாக்கிள் பாப் கெயின், நாட்டின் தலைசிறந்த உள்வரிசை வீரருக்கான அவுட்லாண்ட் விருதை 1950-இல் பெற்றார். 1951 புத்தாண்டு நாளில், தொடர்ந்து 31 ஆட்டங்களில் வென்றிருந்த ஓக்லஹோமாவை கென்டக்கி 13-7 என்ற கணக்கில் வீழ்த்தியது.

1954-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணிக்குப் பொறுப்பேற்றதும் அவர் செய்த காரியம் இன்றும் விவாதிக்கப்படுகிறது. ஏறத்தாழ நூறு மாணவர்களைப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு, வறட்சியில் வெந்துகொண்டிருந்த ஜங்ஷன் என்ற சிற்றூருக்குச் சென்றார். பத்து நாள் பயிற்சி. குடிநீருக்குக்கூடக் கட்டுப்பாடு. வெப்பத்தில் ஒருவர் மயங்கி விழுந்து உயிருக்குப் போராடினார். இரவோடு இரவாகப் பலர் ஓடிப்போனார்கள். ஊர் திரும்பியபோது எஞ்சியவர்கள் முப்பத்தைந்து பேர் அளவில்தான். அந்த ஆண்டு அணி ஒரே ஒரு ஆட்டத்தில் வென்று ஒன்பதில் தோற்றது. இரண்டே ஆண்டுகளில் அதே அணி தோல்வியே காணாமல் தன் மாநாட்டுச் சாம்பியன் ஆனது. மன உறுதியைக் கண்டறியும் உரைகல் என்று சிலர் அந்த முகாமைப் புகழ்வார்கள். பிள்ளைகளின் உயிரோடு விளையாடிய முரட்டுத்தனம் என்று வேறு சிலர் கடிவார்கள். இன்றைய அறிவியலும் விதிகளும் இரண்டாவது கருத்தின் பக்கமே நிற்கின்றன.

ஆள்சேர்ப்பிலும் அவர் கைகள் தூய்மையாக இல்லை. இளைஞர்களை ஈர்க்க முன்னாள் மாணவர்களான செல்வந்தர்கள் பணம் கொடுத்த காரணத்தால் ஏ அண்ட் எம் அணிக்குத் தடை விதிக்கப்பட்டது. 1956-இல் மாநாட்டுப் பட்டம் வென்றும் அந்த அணி ஆண்டிறுதிச் சிறப்பு ஆட்டத்தில் பங்கேற்க முடியவில்லை. நடந்தவை தமக்குத் தெரிந்தே நடந்தன என்று பிரையன்ட் பிற்காலத்தில் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

1958-இல் தாம் படித்த அலபாமாவே அவரை அழைத்தது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அந்த அணி வென்றவை மொத்தம் நான்கு ஆட்டங்கள். பிரையன்ட் வந்த நான்காம் ஆண்டில், 1961-இல், அலபாமா பதினொரு ஆட்டங்களிலும் வென்று தேசியச் சாம்பியன் ஆனது. அந்தப் பதினொரு ஆட்டங்களிலும் எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்த புள்ளிகள் 25 மட்டுமே.

அந்த அணியை அவர் அமைத்த விதத்தில்தான் அவரது ஆள்தேடும் கலை வெளிப்பட்டது. அன்றைய விதிகள் ஆட்டக்காரர்களை அடிக்கடி மாற்ற இடம்தரவில்லை. தாக்குதலில் நின்றவரே தடுப்பாட்டத்திலும் நிற்க வேண்டும். பருத்த உடல் மூன்றாம் கால்பகுதியிலேயே தளர்ந்துவிடும். ஆகவே அவர் உயரத்தையும் எடையையும் பின்னுக்குத் தள்ளி, கால்களின் விரைவையும் மூச்சுத் திடத்தையும் அடிபட்டும் எழும் மனத்தையும் தேடினார். டஸ்கலூசாவுக்கு ஆற்றின் மறுகரையில் உள்ள நார்த்போர்ட்டைச் சேர்ந்த டாக்கிள் பில்லி நெய்பர்ஸ் அந்த 1961 அணியின் தூணாக இருந்தார். மாற்று வீரர் விதிகள் தளர்ந்த பின்னும் இந்த வழக்கம் சில காலம் தொடர்ந்தது. 200 பவுண்டு எடையைக்கூட எட்டாத ஜெர்ரி டங்கன் போன்றவர்கள் டாக்கிளாக நின்று, தம்மினும் மிகப் பெரிய உருவங்களை எதிர்கொண்டார்கள். 1964, 1965 ஆண்டுகளிலும் அலபாமா தேசியச் சாம்பியன் ஆனது.

இத்தகைய இளைஞர்களைக் கண்டுபிடிக்க விரிந்த வலை தேவைப்பட்டது. மாநிலத்தின் பகுதிகளைத் துணைப் பயிற்சியாளர்கள் பிரித்துக்கொண்டார்கள். சிற்றூர்ப் பள்ளிப் பயிற்சியாளர்கள் தகவல் அனுப்பினார்கள். இளைஞனின் வீட்டுக்கே பிரையன்ட் சென்று அமர்ந்துவிட்டால் பெற்றோர் மறுப்பது அரிது. குறிப்பாகத் தாய்மாரிடம் பேசும் வித்தையை அவர் அறிந்திருந்தார். வண்டியில் காய்கறி விற்ற தாயின் மகனுக்கு அது இயல்பாகவே கைவந்திருக்கும். சுரங்கத் தொழிலாளியின் மகனும் பருத்தி விவசாயியின் மகனும் அவர் வழியாகப் பல்கலைக்கழகம் கண்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எட்டாத கதவைத் திறந்தவர் என்ற புகழ் அவருக்கு நியாயமாகவே சேர்ந்தது.

ஆனால், அந்தக் கதவு வெள்ளையர்களுக்கு மட்டுமே திறந்தது.

பர்மிங்ஹாம் நகரம் டஸ்கலூசாவிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பிரையன்ட் அலபாமாவுக்கு வந்த அந்த ஆண்டுகளில், அங்குள்ள பார்க்கர் உயர்நிலைப் பள்ளியில் பக் புக்கனன் என்ற இளைஞர் படித்துக்கொண்டிருந்தார். வளர்ந்து நின்றபோது ஆறடி ஏழு அங்குல உயரம். அவ்வளவு பெரிய உடலுக்கு நம்பவியலாத விரைவு. வரிசை வீரரைத் தேடும் எந்தப் பயிற்சியாளரும் விட்டுவிட மாட்டார். ஆனால் புக்கனன் கறுப்பினத்தவர். சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடமில்லை. அவர் லூசியானாவில் கறுப்பின மாணவர்களுக்கான கிராம்ப்ளிங் கல்லூரிக்குச் சென்று, எடி ராபின்சன் என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்தார். 1963-இல் அமெரிக்கக் கால்பந்து லீகின் வீரர் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் புகழரங்கிலும் இடம்பெற்றார்.

அந்த 1963 ஜூன் 11 அன்றுதான் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் அலபாமா பல்கலைக்கழக வாசலில் நின்று, விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரு கறுப்பின மாணவர்களைத் தடுக்க முயன்றார். மத்திய அரசின் ஆணைக்கு முன் அவர் விலக நேர்ந்தது. வகுப்பறைகளின் கதவு திறந்தது. பிரையன்ட்டின் ஆடுகளக் கதவு மட்டும் அதற்குப் பின்னும் ஆறு ஆண்டுகள் மூடியே இருந்தது.

அவர் மனத்தில் என்ன இருந்தது என்பது பற்றி இரு தரப்பினர் வாதிட்டு வருகிறார்கள். கென்டக்கியில் இருந்தபோதே கறுப்பின வீரர்களைச் சேர்க்கலாம் என்று பல்கலைக்கழகத் தலைவரிடம் யோசனை சொன்னதாக அவர் தம் வரலாற்று நூலில் கூறியிருக்கிறார். 1959-இல் பிலடெல்பியாவில் நடந்த லிபர்ட்டி பௌல் ஆட்டத்தில், சார்லி ஜேனரெட் என்ற கறுப்பின டாக்கிளைக் கொண்டிருந்த பென் ஸ்டேட் அணியுடன் ஆட அலபாமா இசைந்தது. உள்ளூரில் எழுந்த எதிர்ப்பை மீறி நடந்த ஆட்டம் அது. இவற்றைச் சுட்டிக்காட்டுவோர், வாலஸின் அலபாமாவில் ஒரு பயிற்சியாளரால் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்கிறார்கள்.

கேள்வியைத் திருப்பியும் கேட்கலாம். 1960-களின் அலபாமாவில் ஆளுநருக்கு நிகரான செல்வாக்குடன் ஒருவர் இருந்தார் என்றால் அது பிரையன்ட்தான். ஞாயிறுதோறும் அவரது தொலைக்காட்சி நிகழ்ச்சியை மாநிலமே பார்த்தது. அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் பலர் கேட்டிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. வென்றுகொண்டிருந்த மனிதர், வெற்றிக்கு ஊறு நேரக்கூடிய எதையும் தொட விரும்பவில்லை என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. தனிப்பட்ட வெறுப்பு இல்லாத மனிதர்களின் மௌனத்தால்தான் அநீதியான ஏற்பாடுகள் பெரும்பாலும் நீடிக்கின்றன.

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. 1967 இளவேனிற் பருவப் பயிற்சிக்கு ஐந்து கறுப்பின மாணவர்கள் உதவித்தொகை ஏதுமின்றித் தாமாகவே வந்து நின்றார்கள். பிரையன்ட் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை; ஆனால் பருவ ஆட்டங்களில் ஆடும் நிலையை அவர்களில் எவரும் எட்டவில்லை. ஐவரில் ஒருவரான ஆர்தர் டன்னிங் பின்னாளில் ஜார்ஜியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவர் ஆனார். அதே 1967-இல் கென்டக்கி, தென்கிழக்கு மாநாட்டின் முதல் கறுப்பினக் கால்பந்து வீரரைக் களமிறக்கியது. அடுத்த ஆண்டு டென்னசியும் அந்த வழியில் சென்றது. போட்டியாளர்கள் முந்திக்கொண்டிருந்தார்கள்.

1969-இல் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர் சங்கம் நீதிமன்றம் சென்றது. கறுப்பின வீரர்களைத் தேடிச் சேர்ப்பதில் பாகுபாடு காட்டப்படுகிறது என்பது வழக்கு. வழக்கை நடத்திய இளம் வழக்குரைஞர் யு.டபிள்யூ. கிளெமன். பின்னாளில் அலபாமாவின் முதல் கறுப்பின மத்திய நீதிபதியாக உயர்ந்தவர் அவர்தான். அந்த ஆண்டின் இறுதியில் ஓசார்க் என்ற ஊரைச் சேர்ந்த வில்பர் ஜாக்சன், பிரையன்ட்டிடம் உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பினக் கால்பந்து வீரர் ஆனார்.

இதையெல்லாம் மறைத்துவிட்ட ஒரு கதை அமெரிக்காவில் வழங்கிவருகிறது. 1970 செப்டம்பர் 12 அன்று பர்மிங்ஹாமில், கறுப்பின வீரர்கள் நிறைந்த தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழக அணி, வெள்ளையர் மட்டுமே ஆடிய அலபாமாவை 42-21 என்று தோற்கடித்தது. சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின வீரரின் ஓட்டத்தைக் கண்டு அலபாமா மனம் திருந்தியது என்பது கதை. அந்த ஆட்டம் பார்வையாளர்கள் பலரின் எண்ணத்தை மாற்றியிருக்கலாம். ஆனால், முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது என்ற அன்றைய விதியால் வில்பர் ஜாக்சன் அந்த அணியில் ஆட முடியாமல் இருந்தாரே தவிர, அப்போதே அவர் அலபாமாவின் மாணவர். ஒரு மாலைப்பொழுதின் தோல்வி தந்த ஞானோதயம் என்று சொல்லும்போது, வழக்கு தொடுத்தவர்களும் பயிற்சிக்கு வந்து நின்ற ஐவரும் வரலாற்றிலிருந்து மறைந்துபோகிறார்கள்.

கதவு திறந்த பின் பிரையன்ட் தயங்கவில்லை. மொபீலைச் சேர்ந்த ஜான் மிட்செல் அரிசோனாவில் ஒரு ஈராண்டுக் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தார். அவர் தெற்குக் கலிபோர்னியாவுக்குச் செல்லவிருப்பதை அந்த அணியின் பயிற்சியாளர் வாயாலேயே கேட்டறிந்த பிரையன்ட், விரைந்து சென்று அவரைத் தம் பக்கம் இழுத்தார். 1971 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் அதே எதிரணியை அலபாமா 17-10 என்று வென்றபோது, அலபாமாவுக்காகக் களமிறங்கிய முதல் கறுப்பின வீரரானார் மிட்செல். அடுத்த ஆண்டு அணியின் தலைவர்களில் ஒருவர். அதற்கடுத்த ஆண்டு பிரையன்ட்டின் துணைப் பயிற்சியாளர்.

அந்த ஆண்டுகளில் வரிசையின் உருவமும் மாறியது. மாற்று வீரர் விதிகள் தளர்ந்ததால், தாக்குதலுக்கென்றே பெரிய உடலுடைய வீரர்களை வளர்க்க முடிந்தது. 1972 புத்தாண்டு நாளில் நெப்ராஸ்காவிடம் 38-6 என்று அடைந்த தோல்வி, சிறிய உடல்களின் காலம் முடிந்ததை உணர்த்தியது. அந்நாளில் அலபாமாவின் கார்டாக இருந்த ஜான் ஹேனா ஏறத்தாழ 120 கிலோ எடை கொண்டவர். அப்படியிருந்தும் பிரையன்ட் விரும்பிய விரைவைச் சற்றும் இழக்காதவர். தந்தையும் அலபாமா வரிசையில் ஆடியவர். தொழில்முறை ஆட்டத்தில் தலைசிறந்த வரிசை வீரர் என்று ஹேனா பலராலும் மதிக்கப்படுகிறார். 1973-இல் தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு, ஓர் அணி வழங்கக்கூடிய உதவித்தொகைகளை 105 ஆகக் கட்டுப்படுத்தியது. எண்ணிக்கையைக் குவித்துப் புடைத்தெடுக்கும் பழைய முறை இனி நடவாது. ஒவ்வொரு தேர்வும் குறிதவறாமல் அமைய வேண்டியிருந்தது. வெள்ளையர்களை மட்டுமே பார்க்கும் கண்ணுக்கு அது இயலாத காரியம்.

வரிசையின் நடுவே நிற்பவர் சென்டர். பந்தை முதலில் தொடுபவர் அவர். எதிரணியின் நிலையைப் படித்து, இருபுறமும் உள்ளவர்களுக்கு யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று அறிவிப்பவரும் அவரே. உடல் வலுவோடு அறிவுக்கூர்மையும் கேட்கும் பொறுப்பு என்பதால், கறுப்பினத்தவரால் அது இயலாது என்ற மூடநம்பிக்கை தென்மாநிலங்களில் மட்டுமன்றித் தொழில்முறை ஆட்டத்திலும் நெடுங்காலம் நிலவியது. பிரையன்ட் அந்த இடத்தைச் சில்வெஸ்டர் குரூமிடம் கொடுத்தார். 1974-இல் குரூம் தேசிய அளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறந்த சென்டர்களில் ஒருவர் ஆனார்.

குரூம் எங்கிருந்து வந்தார் என்பதுதான் கவனிக்கத்தக்கது. அவர் டஸ்கலூசாவிலேயே பிறந்து வளர்ந்தவர். பல்கலைக்கழகம் இருக்கும் அதே ஊர். அவர் தந்தையும் ஆற்றல்மிக்க கால்பந்து வீரர். ஆனால் ஆடியது கறுப்பின மாணவர்களுக்கான அலபாமா ஏ அண்ட் எம் கல்லூரியில். தந்தையின் தலைமுறைக்கு மூடியிருந்த வாசல் வழியாக மகன் நுழைந்து, வரிசையின் நடுவில் நின்றார். மாநிலத்தின் மூலைமுடுக்கெல்லாம் ஆள் தேடிய ஒரு மனிதர், தம் அலுவலகத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் பதினொரு ஆண்டுகள் தேடவேயில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குரூமுக்குப் பின் ட்வைட் ஸ்டீபன்சன் வந்தார். வர்ஜீனியாவில் வளர்ந்த கறுப்பினத்தவர். 1978, 1979 ஆண்டுகளில் அலபாமா தேசியச் சாம்பியன் ஆனபோது நடுவில் நின்றவர் அவர். தாம் பயிற்றுவித்த சென்டர்களிலேயே மிகச் சிறந்தவர் என்று பிரையன்ட் அவரை மதிப்பிட்டார். 1970-களில் மட்டும் அலபாமா எட்டு முறை மாநாட்டுச் சாம்பியன் ஆனது. நீதி கேட்டவர்களால் திறக்கப்பட்ட கதவின் பெரும் பயன், அதைத் திறக்கத் தயங்கியவருக்கே கிடைத்தது.

1981 நவம்பரில் ஆபர்னை வென்று 315-ஆவது வெற்றியுடன் பழைய சாதனையை முறியடித்தார் பிரையன்ட். 1982 டிசம்பர் 29 அன்று இல்லினாயை வென்று ஓய்வு பெற்றார். நான்கே வாரங்கள். 1983 ஜனவரி 26 அன்று டஸ்கலூசாவில் மாரடைப்பால் காலமானார். டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்ஹாம் இடுகாடு வரை நெடுஞ்சாலையின் இருபுறமும் பெருந்திரளாக மக்கள் நின்றார்கள். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கலந்தே நின்றார்கள். ஜங்ஷன் முகாமில் தாக்குப்பிடித்தவர்கள் பின்னாளில் அவருக்கு அளித்த மோதிரம் விரலில் இருந்தது. தம்மிடம் ஆடியவர்களின் பிள்ளைகள் அலபாமாவில் படிக்க அவர் ஏற்படுத்திய உதவித்தொகை இன்றும் தொடர்கிறது.

அவரது 323 வெற்றிகள் என்ற சாதனை நெடுநாள் நிலைக்கவில்லை. 1985 அக்டோபரில் அதை முறியடித்தவர் கிராம்ப்ளிங்கின் எடி ராபின்சன். பர்மிங்ஹாமின் பக் புக்கனனைச் சேர்த்துக்கொண்ட அதே பயிற்சியாளர். தென்மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஏற்க மறுத்த பிள்ளைகளைக் கொண்டு அணி கட்டியவர், அந்தப் பல்கலைக்கழகங்களின் மாபெரும் நாயகரைத் தாண்டிச் சென்றார். 408 வெற்றிகளுடன் அவர் ஓய்வு பெற்றார்.

குரூமின் கதையும் அத்துடன் முடிந்துவிடவில்லை. துணைப் பயிற்சியாளராக நெடுங்காலம் பணியாற்றிய அவர், 2003-இல் அலபாமாவின் தலைமைப் பயிற்சியாளர் பதவிக்குப் பரிசீலிக்கப்பட்டார். பதவி வேறொருவருக்குப் போனது. அதே ஆண்டின் இறுதியில் மிசிசிப்பி ஸ்டேட் அவரை அழைத்துக்கொண்டது. தென்கிழக்கு மாநாட்டின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் என்ற பெருமை, அவர் பிறந்த ஊருக்குக் கிடைக்காமல் போயிற்று.

பிரையன்ட்டை வீரவழிபாடு செய்வதாலோ, இன்றைய அளவுகோலால் தூக்கி எறிவதாலோ நாம் கற்பது எதுவுமில்லை. தகுதியுள்ளவரைத் தேடித்தான் எடுக்கிறோம், தகுதி மட்டுமே எங்கள் அளவுகோல் என்று சொல்லும் நிறுவனங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. சொல்பவர்கள் பெரும்பாலும் பொய்யர்கள் அல்லர். தாங்கள் தேடிய இடங்களில் உண்மையாகவே தேடியிருப்பார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தத் தெருவுக்கு நீங்கள் இதுவரை போகவேயில்லை? பிரையன்ட்டிடம் அதைக் கேட்க ஒரு மாணவர் சங்கமும் ஓர் இளம் வழக்குரைஞரும் வேண்டியிருந்தார்கள். கேட்ட பிறகு, அவர் போன முதல் தெருக்களில் ஒன்று அவர் ஊரிலேயே இருந்தது.